நீலகிரி மந்தி

நீலகிரி மந்தி அல்லது கருமந்தி என்பது இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழும் ஒரு குரங்கு இனமாகும். இதன் அறிவியல் பெயர் செம்னோபித்தெக்கசு ஜானியை என்பதாகும். இலைகளை முதன்மை உணவாகக் கொள்வதால் இது இலையுண்ணிக் குரங்குகள் எனப்படும் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் மழைக்காடுகளிலும் சோலைக்காடுகளிலும் இது காணப்படுகின்றது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத காரணத்தால் இது மேற்குத் தொடர்ச்சி மலையின் அகணிய உயிரியாகும் (ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதிக்கு மட்டுமே உரிய உயிரினம்). தேனி மாவட்டத்தில் மேகமலை, வருசநாட்டு மலை, கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு எல்லையில் அமைந்த ஏலமலைத் தொடர் ஆகிய இடங்களில் இவ்விலங்கு வாழ்கின்றது.

இறைச்சிக்காகவும், நாட்டு மருந்து என்று கருதியும் நெடுங்காலம் வேட்டையாடப்பட்டதாலும், வாழிடங்கள் தோட்டங்களாக மாற்றப்பட்டதாலும் இதன் தொகை குறைந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழிவாய்ப்பு இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

பெயர்கள்

தமிழில் இது கருமந்தி, கருங்குரங்கு, நீலகிரி மந்தி, நீலகிரிக் கருமந்தி எனப் பலவாறு அழைக்கப்படுகின்றது. மலையாளத்திலும் கருங்குரங்கு என்றே பெயர். சில நூல்களிலும் பேச்சு வழக்கிலும் சிங்கவால் குரங்கையும் கருங்குரங்கு என்று குறிப்பிடுவதுண்டு. இரண்டும் கரிய நிறமுடையனவாகவும் ஒரே காட்டில் வாழ்வனவாகவும் இருப்பதே இக்குழப்பத்திற்குக் காரணம்.

பெயரில் நீலகிரி இருப்பினும் இவ்விலங்கு நீலகிரி மலையில் மட்டும் வாழ்வதன்று. வரையாட்டிற்கும் இவ்வாறே ஆங்கிலத்தில் நீலகிரியின் பெயர் வழங்குகின்றது. ஐரோப்பியர் இவ்விலங்குகளை அதிகமாகக் கண்டு எழுதிய இடங்களுள் ஒன்றாக நீலகிரி இருந்ததால் அப்பெயர் நிலைத்துவிட்டது.

மந்தி என்னும் சொல் பழந்தமிழில் பெண் குரங்கை மட்டும் குறித்தது. ஆண் குரங்கிற்குக் கடுவன் என்று பெயர். தொல்காப்பியத்தின் மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்று வகைகளைப் பிரித்துக் கூறி, அவற்றின் பெண்ணை மந்தி என வழங்குதல் மரபு என்கின்றது. முகம் கறுத்த, நீண்ட வாலுடைய குரங்குகளைச் சமவெளிக் குரங்கிலிருந்து வேறுபடுத்திப் பார்க்கும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்தமைக்கு இது சான்றாகும். எனினும் இப்பழஞ்சொற்கள் இன்றைய விலங்கியல் இனங்களோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவன அல்ல. தற்காலத் தமிழில் மந்தி என்பது ஆண், பெண் இரண்டிற்கும் பொதுவான இனப்பெயராக மாறிவிட்டது.

வகைப்பாடு

அறிவியல் வகைப்பாட்டில் இதன் இடம் பின்வருமாறு:

திணை: விலங்குகள்
தொகுதி: முதுகுநாணிகள்
வகுப்பு: பாலூட்டிகள்
வரிசை: முதனிகள்
குடும்பம்: செர்க்கோபித்தெசிடே (பழைய உலகக் குரங்குகள்)
துணைக்குடும்பம்: கோலோபினே (இலையுண்ணிக் குரங்குகள்)
பேரினம்: செம்னோபித்தெக்கசு
இனம்: செ. ஜானியை (பிசர், 1829)

இனப்பெயரில் உள்ள ஜானியை என்பது தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் செருமானிய மறைப்பணியாளரின் நினைவாக இடப்பட்டதாகும். டேனிசு மிசனைச் சேர்ந்த இவர் 1771 இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813 இல் இறக்கும் வரை தமிழகத்தில் பணியாற்றியவர். மீன்கள், பாம்புகள் முதலிய உயிரினங்களைச் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர். மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் (எரிக்சு ஜானியை) இவர் பெயரே உள்ளது.

இக்குரங்கின் பேரினம் பல முறை மாற்றப்பட்டுள்ளது. முதலில் பிரெசுபைட்டிசு என்றும், பின்னர் தென்கிழக்கு ஆசியாவின் இலையுண்ணிகளோடு சேர்த்து திராக்கிபித்தெக்கசு என்றும் வகைப்படுத்தப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் கே. பி. கரந்த் குழுவினர் வெளியிட்ட மரபணு ஆய்வு, இது தென்கிழக்கு ஆசிய இனங்களை விட இந்தியாவின் சாம்பல் மந்திகளுக்கே நெருங்கியது என்று காட்டியது. அதன் பின்னர் செம்னோபித்தெக்கசு என்னும் பேரினத்தில் சேர்ப்பது பெருவழக்காயிற்று. பழைய நூல்களில் வேறு பேரினப் பெயரைக் காணும் மாணவர்கள் அது இதே விலங்கையே குறிக்கின்றது என அறிதல் வேண்டும்.

இலங்கையில் மட்டும் வாழும் ஊதாமுக மந்தி (செம்னோபித்தெக்கசு வெட்டுலசு) இதன் மிக நெருங்கிய உறவினமாகும்.

உடலமைப்பு

வளர்ந்த நீலகிரி மந்தியின் உடல் பளபளப்பான கரிய மயிரால் மூடப்பட்டிருக்கும். தலையிலும் பிடரியிலும் உள்ள மயிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாகவும் நீண்டும் இருக்கும். முகம் மயிரற்றுக் கறுத்துக் காணப்படும். கன்னத்தில் அடர்ந்த மயிர் உண்டு. வால் உடலை விட நீளமானது. மரத்தில் அமர்ந்திருக்கும்போது நேராகக் கீழே தொங்கும். ஆண்கள் பெண்களை விடப் பெரியவை. வளர்ந்த ஆணின் எடை ஏறத்தாழ 9 முதல் 15 கிலோகிராம் வரை இருக்கும்.

பெண்ணின் தொடையின் உட்புறத்தில் வெண்ணிறத் திட்டு ஒன்று உண்டு. ஆணிடம் இது இல்லை. கள ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய இத்திட்டையே பயன்படுத்துகின்றனர்.

கைப்பெருவிரல் மிகச் சிறியதாகக் குறுகியுள்ளது. இது கோலோபினே துணைக்குடும்பத்தின் பொதுப் பண்பாகும். கிளைகளில் தாவும்போது மற்ற நான்கு விரல்களும் கொக்கி போலச் செயற்படுகின்றன. நாட்டுக்குரங்கிற்கும் சிங்கவால் குரங்கிற்கும் உள்ளது போன்ற கன்னப்பை இவற்றிற்கு இல்லை. ஆகவே இவை உணவை வாயில் சேமித்து வைத்துப் பின்னர் உண்பதில்லை.

ஒத்த தோற்றமுடைய குரங்குகள்

தேனி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் நான்கு வகைக் குரங்குகளைக் காணலாம். அவற்றைப் பின்வருமாறு வேறுபடுத்தி அறியலாம்.

* நீலகிரி மந்தி: உடல் முழுவதும் கறுப்பு, தலை மட்டும் பழுப்பு. வால் நீண்டு குஞ்சம் இன்றி இருக்கும். ஈரமான காடுகளில் மரங்களின் மேல் வாழும்.
* சிங்கவால் குரங்கு அல்லது சோலைமந்தி: உடல் கறுப்பு. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரிமயிர் இருக்கும். வால் குட்டையானது, நுனியில் சிங்கத்தின் வாலைப் போன்ற குஞ்சம் உண்டு. பழங்களையும் பூச்சிகளையும் உண்ணும்.
* சாம்பல் மந்தி: உடல் வெளிர் சாம்பல் நிறம், முகம் கறுப்பு. உலர்ந்த இலையுதிர் காடுகளிலும் மலையடிவாரங்களிலும் வாழும்.
* நாட்டுக்குரங்கு: உடல் பழுப்பு நிறம், முகம் இளஞ்சிவப்பு. தலைமயிர் நடுவில் வகிடெடுத்தது போல இருக்கும். சாலையோரங்களிலும் கோயில்களிலும் உணவு கேட்டு வருவது பெரும்பாலும் இதுவே.

பரவல்

நீலகிரி மந்தியின் பரவல் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் தொடங்கி வடக்கே கர்நாடகத்தின் குடகு மாவட்டம் வரை நீள்கின்றது. அகத்தியமலை, பெரியாறு மற்றும் மேகமலைப் பகுதி, ஏலமலை, பழனிமலை, ஆனைமலை, நீலகிரி, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு ஆகியவை இதன் முதன்மையான வாழிடங்களாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட சோலைகள் வரை இது வாழ்கின்றது. பசுமைமாறாக் காடுகள், ஓரளவு பசுமைமாறாக் காடுகள், ஆற்றோரக் காடுகள், சோலைகள் ஆகியவற்றை விரும்புகின்றது.

வரைபடத்தில் இப்பரவல் தொடர்ச்சியானதாகத் தோன்றினும் உண்மையில் அது துண்டு துண்டானதாகும். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் போன்ற இயற்கை இடைவெளிகளோடு தேயிலைத் தோட்டங்கள், அணைகள், சாலைகள் ஆகியவையும் காட்டைப் பிரித்துள்ளன. மரத்திலிருந்து மரத்திற்குத் தாவிச் செல்லும் விலங்கிற்கு ஒரு தேயிலைச் சரிவு ஆற்றைப் போன்ற தடையாகும்.

தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

தேனி மாவட்டம் 1996 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கு நெல், திராட்சை, வாழை முதலியன விளையும் சமவெளியாகும். இதன் மேற்கே ஏலமலையும் தென்கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் உள்ளன. பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதியில் உள்ளது. முல்லைப்பெரியாறு அணையிலிருந்து 1895 முதல் மலையைக் குடைந்து கொண்டுவரப்படும் நீரே அதன் வேளாண்மைக்கு அடிப்படை. ஆகவே கீழே உலர்ந்த வயல்வெளியும், நிமிர்ந்து பார்க்கும் தொலைவில் ஈரமான மழைக்காடும் இங்கே அருகருகே அமைந்துள்ளன. கம்பத்திலோ சின்னமனூரிலோ வாழும் ஒருவர் தம் ஊரில் ஒருபோதும் காணாத நீலகிரி மந்தி, அவர் கண்ணுக்குத் தெரியும் மலையின் மேலே வாழ்கின்றது.

சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கொண்ட சாலை மேகமலைக்குச் செல்கின்றது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இம்மலையை ஆங்கிலேயர் ஹைவேவிஸ் என்று அழைத்தனர். அவர்கள் ஆட்சிக் காலத்தில் இங்கே காடு திருத்தப்பட்டுத் தேயிலை பயிரிடப்பட்டது. பின்னர் சுருளியாறு நீர்மின் திட்டத்திற்காக மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு முதலிய இடங்களில் அணைகள் கட்டப்பட்டன. இன்று தேயிலைச் சரிவுகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் இடையிலும், அவற்றைச் சுற்றியும் மழைக்காடு எஞ்சியுள்ளது.

இம்மலையின் உயிரினங்களை முறையாகப் பதிவு செய்தவர்களுள் ஆங்கசு ஹட்டன் குறிப்பிடத்தக்கவர். தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய இவர், மேகமலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றி 1949 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். 1948 இல் இங்கு இவர் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், வேறோர் இனமென்று கருதப்பட்டு அக்கழகத்தின் சேகரிப்பில் இருந்தது. 1972 இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லொங்யா அதனை ஆராய்ந்து, புதிய பேரினம் என்று அறிந்து, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். மேகமலையின் காட்டில் இன்னும் அறியப்படாதவை எத்தனை இருக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

மேகமலை காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இதுவும் திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயமும் இணைக்கப்பட்டுத் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் உருவாக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும், பரப்பளவு 1,016.57 சதுர கிலோமீட்டர். கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு இது எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றது. இதனால் குமுளியின் தெற்கிலிருந்து திருவில்லிபுத்தூர் மலைகள் வரை பாதுகாக்கப்பட்ட ஒரு பெருங்காடு தொடர்ச்சியாக அமைந்துள்ளது. புலிக்காக அறிவிக்கப்பட்ட காப்பகம் எனினும், நீலகிரி மந்தி போன்ற மரவாழ் விலங்குகளுக்கும் அது அரணாகின்றது.

உணவும் செரிமானமும்

நீலகிரி மந்தியின் உணவில் இலைகளே பெரும்பங்கு. தளிர், முதிர்ந்த இலை, இலைக்காம்பு, பூ, மொட்டு, காய், விதை ஆகியவற்றையும் உண்கின்றது.

இலை எளிதில் செரிக்கும் உணவன்று. அதன் செல் சுவர்கள் செல்லுலோசால் ஆனவை. பாலூட்டிகளின் உடலில் செல்லுலோசைச் சிதைக்கும் நொதி சுரப்பதில்லை. மேலும் பல மரங்கள் தம் இலைகளில் தனின் முதலிய வேதிப்பொருட்களைச் சேர்த்து வைத்துள்ளன. இவை புரதத்தோடு பிணைந்து செரிமானத்தைத் தடுப்பன. இச்சிக்கலை இலையுண்ணிக் குரங்குகள் மாடுகளைப் போன்ற ஒரு முறையில் தீர்க்கின்றன. இவற்றின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்துள்ளது. முன்னறைகளில் வாழும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கச் செய்து கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. விலங்கு அவற்றை ஆற்றலாகப் பயன்படுத்திக்கொள்கின்றது. ஆயினும் மாட்டைப் போல இவை உண்டதை முறையாக அசைபோடுவதில்லை.

இம்முறையில் நுண்ணுயிர்களும் இறுதியில் உணவாகின்றன. பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் நொதி, அமிலம் மிகுந்த பின்னறையிலும் செயற்படுமாறு மாறியுள்ளது. இந்தியச் சாம்பல் மந்தியின் இந்நொதியும் மாட்டின் இந்நொதியும் தனித்தனியே பரிணமித்தும் ஒரே வகையான மாற்றங்களைப் பெற்றுள்ளன என 1987 இல் ஸ்டூவர்ட், சில்லிங், வில்சன் ஆகியோர் கண்டறிந்தனர். ஒருங்கு பரிணாமத்திற்கு மூலக்கூறு நிலையில் கிடைத்த தொடக்ககாலச் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

முன்னறையில் அமிலத்தன்மை கூடினால் நுண்ணுயிர்கள் அழியும். சர்க்கரையோ மாவோ மிகுந்த உணவு அங்கு விரைவாக நொதித்து அமிலத்தை உண்டாக்கும். ஆகவே மனிதர் தரும் வாழைப்பழம், ரொட்டி, பிசுக்கட்டு முதலியவை இவ்விலங்கிற்குத் தீங்கானவை. நாட்டுக்குரங்கு அவற்றைச் செரித்துவிடும் என்பதால் மந்தியும் செரிக்கும் என்று எண்ணுவது தவறாகும்.

களக்காடு மலைகளில் உள்ள காக்காச்சி என்னும் இடத்தில் 1970களில் ஜான் ஓட்சு தலைமையிலான குழுவினர் இதன் உணவுத் தேர்வை ஆராய்ந்தனர். மந்திகள் உண்ட இலைகளையும் தவிர்த்த இலைகளையும் வேதியியல் முறையில் ஒப்பிட்ட இவ்வாய்வு 1980 இல் வெளியானது. அக்காட்டில் மிகுதியாக உள்ள சில மரங்களின் முதிர்ந்த இலைகளை மந்திகள் பெரும்பாலும் தொடுவதில்லை என்றும், நார்ப்பொருளும் தனினும் குறைந்த இலைகளைத் தேடி உண்கின்றன என்றும் தெரியவந்தது.

இம்முடிவு பாதுகாப்பிற்கும் இன்றியமையாதது. மழைக்காடு முழுவதும் பச்சையாக இருப்பதால் இலையுண்ணிக்கு உணவுத் தட்டுப்பாடே நேராது என்று தோன்றக்கூடும். உண்மையில் அப்பச்சையில் ஒரு பகுதி மட்டுமே அதற்கு உணவாகும். காட்டில் அருகலாக உள்ள சில மரங்களும் கொடிகளும் வெட்டப்பட்டால், மரங்களின் மொத்த எண்ணிக்கை பெரிதும் குறையாவிடினும் மந்திக்கு உணவு குறைந்துவிடும்.

சிங்கவால் குரங்கும் நீலகிரி மந்தியும் ஒரே மரத்தில் கூடக் காணப்படுவதுண்டு. முன்னது பழுத்த பழங்களையும் பூச்சிகளையும், பின்னது இலைகளையும் நாடுவதால் இவற்றிடையே போட்டி குறைவாக உள்ளது.

கூட்டு வாழ்க்கை

நீலகிரி மந்திகள் கூட்டமாக வாழ்வன. ஒரு கூட்டத்தில் பொதுவாக ஒரு வளர்ந்த ஆணும், சில பெண்களும், அவற்றின் குட்டிகளும் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வளர்ந்த ஆண்களைக் கொண்ட கூட்டங்களும் உண்டு. கூட்டத்தில் இடம் பெறாத ஆண்கள் தனித்தோ, ஆண்கள் மட்டும் சேர்ந்த சிறு குழுவாகவோ திரியும்.

1960களில் அமெரிக்க மானிடவியலாளர் பிராங்க் பொரியர் நீலகிரியில் இவற்றின் நடத்தையை விரிவாக ஆராய்ந்தார். கூட்டத்தினுள் சண்டை குறைவாகவும் அமைதி மிகுதியாகவும் இருப்பதை இவர் பதிவு செய்தார். இலை உணவில் ஆற்றல் குறைவு என்பதால் இவை நாளின் பெரும்பகுதியை ஓய்வில் கழிக்கின்றன.

விடியற்காலையில் ஆண் மந்தி எழுப்பும் 'ஊ' என்ற உரத்த ஓசை பள்ளத்தாக்கின் மறுபுறம் வரை கேட்கும். ஓர் ஆண் குரல் எழுப்ப, அடுத்த கூட்டங்களின் ஆண்கள் ஒவ்வொன்றாக மறுமொழி கூறும். கூட்டங்கள் நேருக்கு நேர் மோதாமல் இடைவெளி காத்துக்கொள்ள இவ்வோசை உதவுகின்றது. அடர்ந்த காட்டில் மந்தியைக் காண்பதற்கு முன் அதன் குரலைக் கேட்பதே வழக்கம். கணக்கெடுப்பவர்களுக்கு இக்குரல் வழிகாட்டியாகும். வேட்டைக்காரர்களுக்கும் அதுவே வழிகாட்டியாக இருந்தது.

சிறுத்தை, புலி, செந்நாய் ஆகியவை இதன் இயற்கை எதிரிகள். ஆபத்தைக் கண்டால் மந்தி எழுப்பும் எச்சரிக்கை ஒலியைக் கேட்டுக் கடமான் முதலிய பிற விலங்குகளும் விழிப்படைகின்றன.

இனப்பெருக்கம்

பெண் பொதுவாக ஒரு முறைக்கு ஒரு குட்டியை ஈனுகின்றது. பிறந்த குட்டியின் மயிர் செம்பழுப்பாகவும் தோல் வெளிர் நிறமாகவும் இருக்கும். சில மாதங்களில் அது பெரிய விலங்குகளைப் போலக் கறுத்துவிடும். தாய் தன் குட்டியைக் கூட்டத்தின் பிற பெண்கள் வாங்கித் தூக்கி வைத்திருக்க இடங்கொடுக்கின்றது. இளம் பெண் மந்திகள் இவ்வாறு குட்டி வளர்ப்பைப் பழகிக்கொள்கின்றன எனக் கருதப்படுகின்றது.

குட்டிகள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுப் பிறப்பதால் வேட்டையால் குறைந்த ஒரு கூட்டம் மீண்டும் பெருகப் பல ஆண்டுகள் ஆகும்.

அச்சுறுத்தல்கள்

வேட்டை

கருங்குரங்கின் இறைச்சியும் குருதியும் உள்ளுறுப்புகளும் ஆத்துமா, இருமல், உடல் தளர்ச்சி முதலியவற்றைத் தீர்க்கும் என்னும் நம்பிக்கை தமிழகத்திலும் கேரளத்திலும் நெடுங்காலம் இருந்தது. கருங்குரங்கு லேகியம், கருங்குரங்கு இரசாயனம் என்னும் பெயர்களில் மருந்துகள் விற்கப்பட்டன. பளபளப்பான கரிய தோலுக்காகவும் இவை கொல்லப்பட்டன. இந்த இறைச்சிக்கு நோய் தீர்க்கும் தன்மை உண்டு என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. ஆத்துமா மூச்சுக்குழல்களின் அழற்சியால் ஏற்படுவது. அதற்குப் பயன் அறியப்பட்ட மருந்துகள் அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கின்றன. ஆகவே இந்நம்பிக்கையால் விலங்கு உயிரிழக்கின்றது. நோயாளியோ உரிய மருத்துவத்தைப் பெறாமல் காலம் தாழ்த்துகின்றார்.

நாட்டுக்குரங்கைக் கொல்லத் தயங்கும் மக்களும் கருங்குரங்கை மருந்தாகக் கருதியதால் அத்தயக்கம் இதற்குப் பாதுகாப்பளிக்கவில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 நடைமுறைக்கு வந்த பின்னரும், குறிப்பாகக் காப்பகங்களில் கண்காணிப்பு கூடிய பின்னரும் வேட்டை குறைந்தது. எனினும் முற்றிலும் நின்றுவிடவில்லை.

வாழிட இழப்பு

தேயிலை, காப்பி, ஏலம் ஆகிய பயிர்களுக்காகவும், நீர்மின் அணைகளுக்காகவும் மழைக்காட்டின் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. இப்பயிர்கள் அனைத்தும் ஒரே அளவில் தீங்கு செய்வன அல்ல. ஏலத்திற்கு நிழல் வேண்டும் என்பதால் ஏலத் தோட்டங்களில் காட்டு மரங்கள் ஓரளவு விட்டுவைக்கப்படுகின்றன. மந்திகள் அவற்றின் வழியே கடந்து செல்ல இயலும். தேயிலைத் தோட்டத்தில் இடைவெளி விட்டு நடப்படும் சில்வர் ஓக் மரங்கள் அத்தகைய தொடர்ச்சியைத் தருவதில்லை. மரங்கள் இல்லாத இடத்தில் மந்தி தரையில் இறங்க நேரும்போது நாய்களுக்கும் வாகனங்களுக்கும் இரையாகின்றது.

துண்டாக்கப்பட்ட காட்டில் சிறு கூட்டங்கள் பிற கூட்டங்களோடு கலக்க இயலாமல் போவதால் மரபு வேறுபாடு குறையும் ஆபத்தும் உண்டு. வாழிட எல்லைகளில் சாம்பல் மந்தியோடு இது கலந்து வாழ்வதும் கலப்பினக் குட்டிகள் பிறப்பதும் பதிவாகியுள்ளன.

காப்பு நிலை

சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம் ஆகிய மூன்று நிலைகளும் சேர்ந்து அச்சுறு நிலை எனப்படும். நீலகிரி மந்தி இவற்றுள் முதல் நிலையில் உள்ளது. இதன் இலங்கை உறவினமான ஊதாமுக மந்தி அடுத்த நிலையான அருகிய இனமாகும். காட்டையொட்டி மனிதக் குடியிருப்பு பெருகினால் இவ்வகைக் குரங்குகள் எந்நிலையை அடையும் என்பதை இலங்கையின் மேற்குப் பகுதியில் காணலாம். அங்குள்ள துணையினம் மிக அருகிய நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளது.

இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நீலகிரி மந்தி இடம் பெற்றுள்ளது. இதனை வேட்டையாடுவோருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. 2022 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின்படி தண்டத்தொகை குறைந்தது 25,000 ரூபாயாகும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் இது சேர்க்கப்பட்டுள்ளது.

திருவில்லிபுத்தூர்-மேகமலை, களக்காடு-முண்டந்துறை, ஆனைமலை, பெரியாறு, பறம்பிக்குளம் ஆகிய புலிகள் காப்பகங்களிலும் முக்குருத்தி, அமைதிப் பள்ளத்தாக்கு ஆகிய தேசியப் பூங்காக்களிலும் இது பாதுகாக்கப்படுகின்றது. அமைதிப் பள்ளத்தாக்கில் திட்டமிடப்பட்ட நீர்மின் அணை மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டு, 1984 இல் அவ்விடம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அப்போராட்டத்தின் சின்னமாக விளங்கியது சிங்கவால் குரங்கு. எனினும் காப்பாற்றப்பட்ட காடு நீலகிரி மந்திக்கும் உரியதாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் 2012 இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

தோட்டப் பகுதிகளில் எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளை உள்நாட்டு மரங்களால் இணைப்பது நீண்டகாலத் தீர்வாகக் கருதப்படுகின்றது. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை இத்தகைய மீட்டுருவாக்கப் பணிகளை மேற்கொண்டுள்ளது. அங்கு சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடப்பதற்காக மரங்களுக்கு இடையே பாலங்களும் கட்டப்பட்டுள்ளன.

மேகமலை, தேக்கடி போன்ற இடங்களுக்குச் செல்லும் பயணிகள் குரங்குகளுக்கு உணவு தராமலும், மலைச்சாலையில் மெதுவாக வண்டி ஓட்டியும் இவ்விலங்கின் பாதுகாப்பிற்கு உதவலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* சிங்கவால் குரங்கு
* சாம்பல் மந்தி
* ஊதாமுக மந்தி
* மேகமலை
* கம்பம் பள்ளத்தாக்கு
* பெரியாறு புலிகள் காப்பகம்
* சோலைக்காடு
* வரையாடு